சேரிக்கு எப்போதும் எமர்ஜென்சிதானா?

போன ஜூன் மாதம் அடையாறில் ஒரு மாடி அறையில் படிப்பு வட்டம் நடந்தது. பதினைந்து பேர் இருப்பார்கள். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், இரண்டு பேர் சட்டம் படிப்பவர்கள். ஜூன் 25 நெருங்கிக்கொண்டிருந்ததால் எமர்ஜென்சி பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்திருந்தோம். நான் மிசா, தணிக்கை, 1976-ல் தி.மு.க. ஆட்சிக் கலைப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் கையைத் தூக்கினார்.

"தோழர், ஜெயிலுக்குப் போனவங்க எல்லாம் கட்சிக்காரங்க. எங்க தாத்தா அப்போ பண்ணையாளு. அவருக்கு 1975-க்கு முன்னாடி என்ன சுதந்திரம் இருந்துச்சு, இந்திரா காந்தி வந்து பறிக்கிறதுக்கு? சேரிக்கு எப்பவும் எமர்ஜென்சிதானே?"

அறையில் பாதிப் பேர் கைதட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன். இருபது வயதில் நானே மேடையில் பேசிய வசனம் அது. ஆனால் அன்றைக்கு என்னால் தட்ட முடியவில்லை. அதற்கான காரணத்தை அந்த அறையில் ஒழுங்காகச் சொல்லவும் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தத் தோழரின் கேள்வி பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் அந்த உண்மையே நம்மை ஏமாற்றிவிடும்.

முதலில் அவர் பக்கம் நிற்கும் உண்மையைப் பார்ப்போம்.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். அப்போது எமர்ஜென்சி இல்லை. தேர்தலில் வென்று வந்த ஆட்சி இருந்தது, பத்திரிகைகள் இருந்தன, நீதிமன்றங்கள் திறந்திருந்தன. 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்று நீதிமன்றம் சந்தேகப்பட்டது. ஜனநாயகம் முழுசாக இயங்கிக்கொண்டிருந்த நாட்டில்தான் இதெல்லாம் நடந்தது.

1977 மார்ச்சில் இந்திரா தோற்றார், "இரண்டாம் சுதந்திரம்" என்று கொண்டாடினார்கள். மே 27-ம் தேதி பீகாரின் பெல்ச்சி கிராமத்தில் 11 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள், அவர்களில் 8 பேர் தலித்துகள். சுதந்திரம் திரும்பி வந்து அப்போது இரண்டே மாதம்தான் ஆகியிருந்தது. நம் ஊரிலும் 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். எமர்ஜென்சியை எதிர்த்துச் சிறை சென்றவர்களில் எத்தனை பேர் பெல்ச்சிக்காகவும் விழுப்புரத்துக்காகவும் அதே குரலில் கத்தினார்கள் என்று கேட்டால், பதில் சொல்வது சங்கடமாகத்தான் இருக்கும்.

இன்னும் ஒரு சங்கடம் உண்டு. கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் வந்தது எமர்ஜென்சி காலத்தில்தான், 1975 அக்டோபர் 25-ல். தீண்டாமைக் குற்றச் சட்டத்தைத் திருத்தி, குடிமையுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றி நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1976 நவம்பரில். மகாராஷ்டிரத்தில் தலித் சிறுத்தைகளின் பெருங்கவிஞர் நாம்தேவ் தசால் எமர்ஜென்சியை ஆதரித்தார், இந்திராவைப் புகழ்ந்து நெடுங்கவிதையே எழுதினார். 1975 ஜூலை 21-ல் மக்களவையில் எமர்ஜென்சிக்கு ஒப்புதல் கேட்டுத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார்? பாபு ஜெகஜீவன் ராம். இந்தியாவின் மிக மூத்த தலித் அமைச்சர். இங்கே, தி.மு.க. அமைச்சரவையிலிருந்து 1974-ல் வெளியேறி தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் தொடங்கிய சத்தியவாணி முத்து அம்மையார், 1977-ல் அந்தக் கட்சியை எம்.ஜி.ஆர். கட்சியோடு இணைத்தார். எம்.ஜி.ஆர். கட்சி எமர்ஜென்சியை ஆதரித்த கட்சி. 1977 மார்ச்சில் வட இந்தியா இந்திராவைத் தூக்கி எறிந்தபோது, தமிழ்நாடு அவரது கூட்டணிக்குத்தான் பெரும்பான்மை இடங்களைக் கொடுத்தது.

இதையெல்லாம் மறைத்துவிட்டு "அனைவரும் எதிர்த்தோம்" என்று கதை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அன்று கேள்வி கேட்ட தோழர் வெறுங்கையோடு வரவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு தச்சரும் சில தளபதிகளும்

இந்த இடத்தில் ஜெர்மனிக்குப் போய்வருவது நல்லது. இந்திராவையும் ஹிட்லரையும் ஒரே தட்டில் வைப்பதற்காகச் சொல்லவில்லை. அது வரலாற்றுக்கும் நியாயமில்லை, கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களுக்கும் நியாயமில்லை. சர்வாதிகாரத்தை உள்ளிருந்து எதிர்த்தவர்களை ஒரு சமூகம் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதற்கு ஜெர்மனியைவிடத் தெளிவான பாடம் கிடையாது. அதற்காகத்தான் போகிறோம்.

ஹிட்லரைக் கொல்ல முயன்றவர் யார் என்று கேட்டால் எல்லோரும் 1944 ஜூலை 20-ஐச் சொல்வார்கள். கர்னல் ஷ்டவ்ஃபென்பெர்க், பெட்டிக்குள் வெடிகுண்டு, ஹாலிவுட் படம்கூட வந்துவிட்டது. பிரபு குடும்பம், ராணுவ உடை, கம்பீரம். ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1939 நவம்பர் 8-ல், ஒரு தச்சர் கிட்டத்தட்ட காரியத்தை முடித்திருந்தார். பெயர் கியோர்க் எல்சர். எந்தப் பெரிய மனிதரும் அவருக்குப் பின்னால் இல்லை. கல்குவாரியில் வேலைக்குச் சேர்ந்து வெடிமருந்து சேர்த்தார். மியூனிக்கில் ஹிட்லர் ஆண்டுதோறும் பேசும் பீர் மண்டபத்தில் முப்பது இரவுகளுக்கு மேல் ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னால் இருந்த தூணைக் கையால் குடைந்தார். கடிகாரத்தைத் தானே பொருத்தினார். குண்டு சொன்ன நேரத்துக்கு வெடித்தது. ஹிட்லர் 13 நிமிடம் முன்னதாகக் கிளம்பிவிட்டார். எட்டுப் பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் அங்கே பரிமாறும் வேலை செய்த பெண். எல்லையைக் கடக்க முயன்ற எல்சர் பிடிபட்டார். ஐந்தாண்டுக்கு மேல் அடைத்து வைத்து, 1945 ஏப்ரல் 9-ல் டாக்காவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்ட கெஸ்டபோவிடம் அவர் சொன்னது எளிமையான காரணம்: தொழிலாளிகளின் நிலை மோசமாகிக்கொண்டே போகிறது, ஒரு போர் வரப்போகிறது, அதைத் தடுக்க வேண்டும்.

போருக்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? தளபதிகளுக்கு நினைவுச் சின்னம் எழுந்தது. எல்சரை நாஜிகளின் கையாள் என்றார்கள், பிரிட்டிஷ் உளவாளி என்றார்கள். பாதிரியார் நீமோலர்கூட அந்த வதந்தியைச் சொன்னார். எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒரு தச்சர் தன் மூளையால் யோசித்து, தன் கையால் செய்தார் என்பதை நம்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. அவருக்கு உரிய மரியாதை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. இது நமக்குப் பழகிய கதைதானே தோழர்களே? நம் ஆள் ஒன்று செய்தால், "பின்னால் யாரோ இருக்கிறார்கள்" என்பதுதான் முதல் கேள்வி.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். ஆர்தர் நேபே, நாஜி குற்றவியல் போலீஸின் தலைவர். எல்சர் வழக்கின் விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1941-ல் சோவியத் மண்ணில் ஒரு கொலைப்படைக்குத் தலைவராக இருந்தார், அவர் பொறுப்பில் பல்லாயிரக்கணக்கான மக்கள், பெரும்பாலும் யூதர்கள், கொல்லப்பட்டார்கள். இதே நேபே 1944 ஜூலை சதியிலும் பங்காளி, அதற்காகத் தூக்கிலும் ஏற்றப்பட்டார். ஆக, ஹிட்லரை எதிர்த்தவர் பட்டியலில் ஒரு கொலைகாரரின் பெயரும் இருக்கிறது. சர்வாதிகாரியை எதிர்ப்பவர் எல்லோரும், அந்தச் சர்வாதிகாரி யாரை மிதித்தானோ அவர்களின் தோழர் ஆகிவிடுவதில்லை. சிலருக்குப் பிரச்சினை ஹிட்லர் யூதர்களைக் கொன்றது அல்ல. போரில் தோற்றுக்கொண்டிருந்ததுதான் அவர்களுக்குப் பிரச்சினை.

இவர்களுக்கு நடுவில் மியூனிக் பல்கலைக்கழகத்து மாணவர்கள் இருக்கிறார்கள். "வெள்ளை ரோஜா" குழு. 1942-43-ல் ஆறு துண்டறிக்கைகள். இரண்டாவது அறிக்கையிலேயே, போலந்தில் மூன்று லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை வெளிப்படையாக எழுதினார்கள். யாரும் வாய் திறக்காத காலம் அது. 1943 பிப்ரவரி 18-ல் பல்கலைக்கழகத்துக்குள் அறிக்கைகளைப் போட்ட ஸோஃபி ஷோலையும் ஹான்ஸ் ஷோலையும் ஒரு பல்கலைக்கழக ஊழியர் பிடித்துக் கொடுத்தார். நான்கே நாளில் இருவருக்கும், அவர்களின் நண்பர் கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்டுக்கும் தலை துண்டிக்கப்பட்டது. ஸோஃபிக்கு 21 வயது.

தளபதிகள், தச்சர், மாணவர்கள். எல்லோரும் உள்ளிருந்து எதிர்த்தவர்கள்தான். ஆனால் ஒரே எதிர்ப்பு அல்ல. இவர்களை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: அடியில் மிதிபடுகிறவரின் பெயரை அந்த எதிர்ப்பு உச்சரித்ததா? அந்த மாணவர்கள் உச்சரித்தார்கள்.

நம் நகரத்தில் நடந்தது

இப்போது சென்னைக்கு வருவோம்.

தி.நகர் திருமலைப்பிள்ளை சாலையில் காமராஜர் வாழ்ந்த வீடு இருக்கிறது. இன்று அது நினைவு இல்லம். பாண்டி பஜாருக்குத் துணி எடுக்கப் போகும் கூட்டத்தில் பலருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. எமர்ஜென்சியில் மனம் உடைந்திருந்த காமராஜர் 1975 அக்டோபர் 2-ல் அந்த வீட்டில்தான் இறந்தார். அவருடைய நண்பர்களும் பழைய சகாக்களும் அப்போது நாடெங்கும் சிறையில் இருந்தார்கள்.

அதுவரை தமிழ்நாட்டில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. எமர்ஜென்சி அறிவித்த இரண்டே நாளில், 1975 ஜூன் 27-ல், ஆளும் தி.மு.க. அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. வடக்கே தேடப்பட்ட பலருக்குச் சென்னை ஒதுங்கும் இடமாக இருந்தது. 1976 ஜனவரி 31-ல் ஆட்சி கலைக்கப்பட்டது. மறுநாளே கைதுகள் தொடங்கின. கோபாலபுரம் வீட்டிலிருந்து மு.க. ஸ்டாலின் கைது செய்யப்பட்டார். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய மத்தியச் சிறையில் பிப்ரவரி 2-ம் தேதி இரவு, கொண்டுவரப்பட்ட மிசா கைதிகள் மிருகத்தனமாக அடிக்கப்பட்டார்கள். சென்னையின் முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு, ஸ்டாலின் மேல் விழ இருந்த அடிகளைத் தன் உடம்பில் வாங்கினார். அந்தக் காயங்களிலிருந்து அவர் மீளவில்லை. 1977 ஜனவரியில் இறந்தார். பிறகு நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் விசாரித்து, அந்தச் சிறைக்குள் நடந்ததைப் பதிவு செய்தது. சிட்டிபாபுவின் சிறைக்குறிப்புகள் புத்தகமாகவும் வந்தன. அந்தச் சிறைக் கட்டடம் இன்று இல்லை, இடித்துவிட்டார்கள்.

தணிக்கையின் கீழ் கைதானவர்களின் பெயரை அச்சிட முடியாது. 1976 பிப்ரவரி 3, அண்ணாவின் நினைவு நாள். அன்றைய முரசொலியில் அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் வந்தது. ஊர் வாரியாகப் பெயர்கள். தணிக்கை அதிகாரிக்கு அது அஞ்சலிச் செய்தி. வீட்டில் காத்திருந்த மனைவிக்கும் அம்மாவுக்கும் அது, பிள்ளை எங்கே போனான் என்பதற்கான பதில். எழுத்து என்ன செய்ய முடியும் என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இதுதான். அதே காலத்தில் துக்ளக் கறுப்பு அட்டையோடு வந்தது. அதன் ஆசிரியர் சோ ராமசாமியோடு இடஒதுக்கீட்டில் நமக்குக் கடைசிவரை ஒத்துப்போனதில்லை, போகவும் முடியாது. ஆனாலும் அந்தக் கறுப்பு அட்டை ஒரு துணிச்சல்தான். எல்சருக்கும் தளபதிகளுக்கும் வேறுபாடு பார்க்கத் தெரிந்த நமக்கு, ஒருவரின் துணிச்சலையும் அவரது சமூகப் பார்வையையும் தனித்தனியாக எடை போடவும் தெரிய வேண்டும்.

இந்த நகரத்தின் நாடக மேடையில் வளர்ந்த ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்நேகலதா ரெட்டி. "மெட்ராஸ் பிளேயர்ஸ்" நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். "சம்ஸ்காரா" கன்னடப் படத்தில் சந்திரியாக நடித்தார். செத்துப்போன பார்ப்பனரின் பிணத்தை எந்தப் பார்ப்பனரும் தொட மறுக்க, அக்கிரகாரமே நாறும் கதை. அதில் மனிதராக நடந்துகொள்ளும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்தான் சந்திரி. அந்தப் படத்தைச் சென்னைத் தணிக்கைக் குழு முதலில் தடை செய்தது. 1976 மே மாதம் ஸ்நேகலதா கைது செய்யப்பட்டார், பெங்களூரு சிறையில் அடைத்தார்கள். கடும் ஆஸ்துமா. சரியான சிகிச்சை இல்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு, 1977 ஜனவரி 15-ல் பரோலில் விட்டார்கள். ஜனவரி 20-ல் இறந்துவிட்டார். ஐந்தே நாள்.

இவரை நினைக்கும்போது எனக்கு ஸ்டேன் சாமி நினைவுக்கு வருகிறார். திருச்சி மாவட்டத்துக்காரர், ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்க, தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சு குவளைக்காக நீதிமன்றத்தில் கேட்க வேண்டியிருந்தது. 84 வயதில், 2021 ஜூலை 5-ல், விசாரணைக் கைதியாகவே இறந்தார். அப்போது எமர்ஜென்சி அறிவிக்கப்படவில்லை. அரசியல் சட்டம் முழுமையாக அமலில் இருந்தது.

மீதிப் பாதி

சரி, "சேரிக்கு எப்போதும் எமர்ஜென்சி" என்பதில் எங்கே தவறு?

நம் தாத்தாவின் சர்வாதிகாரி டெல்லியில் இல்லை. ஊரில் இருந்தார். நிலம் அவருடையது, கிணறு அவருடையது, போலீஸ்காரர் அவர் வீட்டில்தான் சாப்பிட்டார். அந்த ஆளுக்கு எதிராக நம்மிடம் இருந்தது என்ன? ஊருக்கு வெளியே இருந்த சில விஷயங்கள் மட்டும்தான். வழக்கு போட ஒரு நீதிமன்றம், செய்தி போட ஒரு பத்திரிகை, கூடிப் பேச ஒரு சங்கம், பயந்துபோய் ஓட்டுக் கேட்க வரும் ஓர் அரசியல்வாதி. எல்லாம் ஓட்டைதான். கீழ்வெண்மணியில் அந்த ஓட்டைகளைப் பார்த்தோம். ஆனால் கீழ்வெண்மணி என்ற பெயர் நமக்குத் தெரிவதே, சங்கமும் பத்திரிகையும் இருந்ததால்தான்.

எமர்ஜென்சி அந்த வெளியை மூடியது. பேச்சு, கூட்டம், சங்கம் ஆகியவற்றுக்கான 19-வது பிரிவு முடங்கியது. 1975 ஜூன் 27 ஆணை 14, 21, 22 பிரிவுகளுக்காக நீதிமன்றம் போகும் உரிமையை நிறுத்தியது. 14 என்றால் என்ன? சட்டத்தின் முன் அனைவரும் சமம். தீண்டாமையை ஒழிக்கும் 17-வது பிரிவைத் தொடவில்லை என்று சிலர் வாதாடுவார்கள். சமத்துவத்துக்காகக் கோர்ட்டுக்குப் போக முடியாத நாட்டில் 17-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1976 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம், ஒருவரைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருந்தாலும் நீதிமன்றம் கேட்க முடியாது என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மறுத்து எழுதியவர் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான். 32-வது பிரிவை அரசியல் சட்டத்தின் இதயம் என்றும் ஆன்மா என்றும் கருதியவர் புரட்சியாளர் அம்பேத்கர். அந்த இதயத்தைத்தான் நிறுத்தி வைத்தார்கள்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே என்றால், ஆமாம், வந்தது. நல்ல சட்டம், இன்றைக்கும் நாம் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் 1976-ல் விடுதலையான கொத்தடிமை அடுத்த நாள் என்ன செய்ய முடியும்? கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்ய முடியுமா? சங்கம் கூட்ட முடியுமா? தாசில்தார் தன் பெயரைப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று பத்திரிகையில் சொல்ல முடியுமா? மேலிருந்து கொடுத்த உரிமையைக் கீழிருந்து பிடித்துக்கொள்ளக் கை வேண்டும். அந்தக் கையைக் கட்டிவிட்டுத்தான் உரிமையைக் கொடுத்தார்கள். சட்டம் வந்து ஐம்பது ஆண்டு ஆகப்போகும் காலத்திலும் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருந்து குடும்பம் குடும்பமாக மீட்டுக்கொண்டிருந்தோம். மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இருளர்களும் நம் மக்களும்தான்.

ஜெகஜீவன் ராமையும் இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். தீர்மானத்தை முன்மொழிய ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஒரு தலித் தலைவரின் வாயால் வந்தால் கேள்வி கேட்கத் தயங்குவார்கள் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 1977 பிப்ரவரி 2-ல் அவர் வெளியே வந்தார், இந்திராவின் தோல்விக்கு அது ஒரு பெரிய அடி. உள்ளிருந்தவர் வெளியே வந்தால் எவ்வளவு வலு என்பதற்கு அது சாட்சி. ஆனால் இடையில் பத்தொன்பது மாதம். அந்த மாதங்களில் 1,10,000 பேருக்கும் மேல் விசாரணையின்றி உள்ளே இருந்தார்கள். நம் பிரதிநிதி அதிகாரத்துக்குள் இருப்பது அவசியம். எதற்கு இருக்கிறார் என்ற கேள்வி அதைவிட அவசியம். இதை அவரைச் சிறுமைப்படுத்தச் சொல்லவில்லை. 1977-ல் பிரதமர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டும் கிடைக்கவில்லை. எமர்ஜென்சியை எதிர்த்த பெரிய மனிதர்களுக்கும் ஒரு தலித் பிரதமரை ஏற்கும் மனம் அன்று வரவில்லை என்பதே என் எண்ணம்.

1949 நவம்பர் 25-ல் அண்ணல் அரசியல் நிர்ணய சபையில் இரண்டு எச்சரிக்கைகளை ஒரே உரையில் வைத்தார். ஒன்று, அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும். இன்னொன்று, அரசியலில் சமத்துவமும் சமூகத்தில் ஏற்றத்தாழ்வும் சேர்ந்திருந்தால், பாதிக்கப்பட்டவர்கள் இந்த ஜனநாயகத்தையே தகர்த்துவிடுவார்கள். நாம் பெரும்பாலும் இரண்டாவதை மட்டும் மேற்கோள் காட்டுகிறோம். காங்கிரஸ் தலைவர் தேவகாந்த் பருவா இந்திராதான் இந்தியா என்று சொன்னபோது நிறைவேறியது முதல் எச்சரிக்கை. இரண்டும் ஒரே உடம்பின் இரண்டு நோய். ஊரில் ஒரு சர்வாதிகாரி, டெல்லியில் ஒரு சர்வாதிகாரி என்றால், நமக்கு இரட்டைச் சுமை. டெல்லியின் ஆள் ஊரின் ஆளை அடக்குவார் என்று காத்திருந்தவர்களுக்கு வரலாறு நல்ல பதில் சொல்லவில்லை.

இன்றைக்கு யார் கணக்கில்?

மிசா 1978-ல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு 44-வது திருத்தம், உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமையை எந்த எமர்ஜென்சியிலும் முடக்க முடியாது என்றாக்கியது. அந்த எதிர்ப்பு நமக்குச் சம்பாதித்துக் கொடுத்த சொத்து அது. ஆனால் விசாரணையின்றி அடைக்கும் பழக்கம் போகவில்லை. 1980-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம், இங்கே 1982-ல் குண்டர் சட்டம். மிசா கொடுமையை அனுபவித்தவர்களின் கட்சியும் சரி, எதிர்க்கட்சியும் சரி, ஆட்சிக்கு வந்தால் குண்டர் சட்டத்தைக் கையில் எடுக்கிறார்கள். தடுப்புக் காவலில் நாட்டிலேயே முன்னணியில் நிற்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அப்படி உள்ளே போகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து போகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளில் ஆனந்த் டெல்டும்ப்டே உபா வழக்கில் சரணடைந்தார். இரண்டரை ஆண்டுக்குப் பிறகுதான் ஜாமீனில் வெளியே வந்தார்.

2022 மே மாதம், மயிலாப்பூருக்குப் பக்கத்தில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தார்கள். கோர்ட் உத்தரவுப்படி, முறைப்படி. ஒரு பெரியவர் தன் வீட்டின் முன்னால் தீக்குளித்து இறந்தார். அப்போதுதான் முதலமைச்சரும் கேட்டார், பத்திரிகைகளும் கேட்டன. "எப்போதும் எமர்ஜென்சி" என்ற அந்த வாக்கியம் எனக்கு மிக உண்மையாகத் தெரிந்த நாள் அது. ஆனால் அந்த நாளிலும் நம் தோழர்கள் அங்கே போய் நிற்க முடிந்தது, படம் எடுத்து அன்று மாலையே உலகத்துக்குக் காட்ட முடிந்தது, சட்டமன்றத்தில் பதில் சொல்ல வைக்க முடிந்தது. 1976 ஏப்ரலில் டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்துச் சுட்டபோது அது முடியவில்லை. நாட்டுக்கே தெரியாமல் செய்தார்கள். செத்துப்போனவருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. அடுத்த தெருவில் இருப்பவருக்குப் பெரிது.

மாணவர்களே, உங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. அடையாறில் அந்த மாடி அறையிலிருந்து சிறிது தூரம்தான் ஐ.ஐ.டி. 2014 ஏப்ரல் 14-ல் அங்கே அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் தொடங்கினார்கள். 2015 மே மாதம், பெயர் இல்லாத ஒரு கடிதம் டெல்லி அமைச்சகத்துக்குப் போக, அந்த வட்டத்தின் அங்கீகாரம் ரத்தானது. குற்றம் என்ன? துண்டறிக்கை. வாசலில் போராட்டம், நாடு முழுக்கப் படிப்பு வட்டங்கள். ஜூன் 7-ல் அங்கீகாரம் திரும்பி வந்தது. மியூனிக்கில் துண்டறிக்கைக்குத் தலை போனது, இங்கே இரண்டு வாரம் அங்கீகாரம் போனது. இரண்டும் சமம் என்று சொல்ல எனக்குக் கூச்சம். ஆனால் அந்த மாணவர்கள் அன்று வாய் மூடியிருந்தால், அடுத்த கடிதத்துக்குத் துணிச்சல் கூடியிருக்கும்.

2024-ல் ஒன்றிய அரசு ஜூன் 25-ஐ அரசியல் சட்டப் படுகொலை நாள் என்று அறிவித்தது. உபாவில் நூல் எழுதியவர்களை அடைத்த அரசு, மிசாவுக்காகக் கண்ணீர் விடுகிறது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்வது சுலபம். அப்படி நகர்ந்தால் அந்த நாளை அவர்களிடமே விட்டுவிட்டோம் என்று அர்த்தம். சிட்டிபாபுவும் ஸ்நேகலதாவும் அவர்களின் சொத்து இல்லை.

ஆகவே கேள்வி கேட்ட தோழருக்கு என் பதில் ஒரு வேலைத் திட்டம். உங்கள் தாத்தாவின் கதையை எழுதுங்கள். 1975-க்கும் 77-க்கும் இடையில் நம் சேரிகளிலும் குப்பங்களிலும் என்ன நடந்தது, யார் பயந்தார்கள், யாருக்கு நிலம் கிடைத்தது, யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், யார் ஒளித்து வைத்தார்கள். அந்த வரலாற்றைத் தலைவர்கள் எழுதிவிட்டார்கள், பத்திரிகையாளர்கள் எழுதிவிட்டார்கள், பண்ணையாட்கள் எழுதவில்லை. அப்போது இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. கையில் போன் இருக்கிறது, பதிவு செய்ய ஒரு மணி நேரம் போதும். ஆளுக்கு ஒரு பெரியவர். அடுத்த ஜூன் 25-க்குள் பதினைந்து குரல் சேர்த்துவிட்டால், அதே மாடி அறையில் உட்கார்ந்து கேட்போம். அதில் உங்கள் தாத்தா "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல" என்று சொன்னால், அதையும் அப்படியே எழுதுவோம். என் வாதத்துக்கு அது எதிராக இருந்தாலும் பரவாயில்லை.

எல்சருக்கு உரிய மரியாதையைப் பல பத்தாண்டுகள் யாரும் கொடுக்கவில்லை. நம் எல்சர்கள் யாராவது இருந்தார்களா என்று இன்னும் நாம் தேடவே தொடங்கவில்லை.

ஜெய் பீம்.